சிவப்புக் குழாயில் தண்ணீர் உண்டா?

பெருநகர் பஸ் நிறுத்தத்தில் பொழுது விடிவதற்கு முன்பே கூட்டம் கூடிவிடுகிறது. காஞ்சிபுரம் – வந்தவாசி ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, செய்யாறு சிப்காட் என்று திசைக்கொன்றாக நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. இவர்களுடைய தாய் தகப்பன்மார் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள்; பலர் இன்றும் போகிறவர்கள். பிள்ளைகளோ கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு, காண்டிராக்ட் என்றும் அப்ரண்டிஸ் என்றும் பெயர் பெற்று, பெரிய பெரிய கட்டடங்களுக்குள் நுழைகிறார்கள்.

அந்தக் கட்டடங்களில், மாடிப்படிக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புக் குழாய் தரையிலிருந்து உச்சிமாடி வரை ஏறுவதைப் பார்க்கலாம். மாடிக்கு மாடி அதில் ஒரு வால்வு. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் சுருட்டி வைத்த ஹோஸ். தீப்பற்றினால் தண்ணீர் தருவதற்காக வைத்த குழாய் இது. தினந்தோறும் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் இதைக் கடந்து போகிறார்கள். இதில் தண்ணீர் இருக்கிறதா, இருந்தால் உச்சிமாடிவரை வேகத்தோடு வருமா என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? யார் அவர்களுக்குச் சொன்னார்கள்?

கூலியையும் பஞ்சப்படியையும் பற்றி எழுத வேண்டிய பத்தியில் குழாயைப் பற்றி எழுதுவானேன் என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். உயிரோடு வீடு திரும்புகிறவனுக்குத்தானே கூலி உயர்வு!

இப்பகுதித் தோழர் ஒருவர் சொன்ன செய்தியைக் கேளுங்கள். கம்பெனியின் பெயர் வேண்டாம். அவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது. சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று நான்கு நாள் முன்னதாக அவரிடம் சிவப்புப் பெயிண்டையும் பிரஷையும் கொடுத்தார்களாம். குழாய், வால்வு, வால்வின் சக்கரம் எல்லாவற்றிற்கும் பூசு என்று உத்தரவு. பூசும்போது சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. முந்திய வருஷங்களில் பூசிய பெயிண்டே அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அழுத்தமானி, அதன் முள் 7-ல் நின்றது. மறுநாள் பம்புக் கொட்டகையில் மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்கு எடுத்துப் போனார்கள். குழாயிலிருந்த தண்ணீரையும் வடித்துவிட்டார்கள். அப்போதும் முள் 7-ல்தான் நின்றது! இவர் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். “முள் சரியாகத்தானே காட்டுகிறது, உனக்கென்ன?” என்று பதில் வந்தது. சோதனைக்கு வந்தவர் பளபளக்கும் குழாயைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

பெயிண்ட் பூசிய அந்தத் தோழருக்குத் தெரிந்த உண்மை கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவனை யாரும் கேட்கவில்லை. இந்த வாரம் நாம் சொல்ல வந்த விஷயமும் இதுதான்.

குழாயைப் பரீட்சிப்பது என்றால் என்ன? ஏதோ என்ஜினீயர்களுக்கு மட்டும் விளங்கும் வித்தை என்று நினைக்க வேண்டியதில்லை. ஏரிப் பாசனம் தெரிந்த நம் விவசாயிக்கு இது ஐந்து நிமிஷத்தில் விளங்கும். மதகில் தண்ணீர் பாய்ந்து என்ன பயன்? கடைமடைக் கழனிக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. தலைமடைக்காரன் ‘வாய்க்கால் நிறைய ஓடுகிறது’ என்பான். கடைமடைக்காரனின் பயிர் காயும். மாடிக் கட்டடத்தின் கடைமடை எது? உச்சிமாடியில், பம்பிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள வால்வு. அங்கே தண்ணீர் எவ்வளவு வேகத்தோடு வருகிறது என்பதே பரீட்சை.

தண்ணீரைப் பத்து மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் செலவாகிறது. உச்சிமாடி வால்வில் மூன்றரைக் கிலோ அழுத்தம் இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. முப்பது மீட்டர் உயரக் கட்டடம் என்றால் ஏறுவதற்கு மூன்று, உச்சியில் நிற்க வேண்டியது மூன்றரை, வழியில் வளைவுகளிலும் உராய்விலும் போவது வேறு. ஆகக் கீழே பம்பு ஏழு கிலோவாவது தள்ள வேண்டும். பழைய குழாய் துருப்பிடித்து உள்வாய் குறுகியிருந்தால் அதுவும் போதாது.

ஆகவே இரண்டு விதப் பரீட்சைகள் அவசியம். முதலாவது, குழாயின் பலத்தைப் பார்ப்பது. குழாய் முழுவதும் தண்ணீர் நிரப்பி, உச்சியில் அடைபட்ட காற்றை ஒரு பொட்டும் இல்லாமல் வெளியேற்றி, பரீட்சைப் பம்பினால் வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். பிறகு பம்பை நிறுத்தி, வால்வை மூடி, இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கக் கூடாது. அந்த இரண்டு மணி நேரமும் மாடி மாடியாகப் போய் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தரவிதியிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்: சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு, இரண்டு மணி நேரம். காற்றை ஏன் வெளியேற்ற வேண்டும் என்று கேட்கலாம். அழுந்திய தண்ணீர் குழாய் வெடித்தால் சிந்திப்போகும். அழுந்திய காற்றோ குண்டுபோல் சிதறி, பரீட்சை செய்கிற தொழிலாளியையே கொன்றுவிடும்.

இரண்டாவது பரீட்சைதான் முக்கியமானது. நிர்வாகங்கள் தட்டிக்கழிப்பதும் இதைத்தான். உச்சிமாடி வால்வைத் திறந்து, ஹோஸை மாட்டி, தண்ணீரை ஓடவிட்டு, ஓடும்போது அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நிற்கிற தண்ணீரின் அழுத்தம் பொய் சொல்லும். வழியில் ஒரு வால்வு கால்வாசிதான் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் நிற்கும்போது முள் முழு அழுத்தத்தையும் காட்டும். ஓடத் தொடங்கியதும் படுத்துவிடும். பம்பு தானாக எழும்புகிறதா, கரண்டு போனால் டீசல் பம்பு எடுக்கிறதா, தீயணைப்புக்கென்று ஒதுக்கிய தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, அல்லது கோடையில் கக்கூசுக்கும் தோட்டத்துக்கும் இறைத்துவிட்டார்களா என்பதெல்லாம் ஓடவிட்டால்தான் தெரியும்.

இதற்கு என்ன செலவு? ஒரு பம்பு, கொஞ்சம் தண்ணீர், நான்கு ஆள், அரை நாள். அந்த அரை நாளைத்தான் முதலாளி கணக்குப் பார்க்கிறான். ஒழுகினால் சரிசெய்ய வேண்டும், அதற்குப் பணம். மிஷின் மேல் தண்ணீர் பட்டால் உற்பத்தி நிற்கும், அதற்குப் பணம். பரீட்சை செய்யாதிருந்தால் எதுவும் ஒழுகாது!

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் அல்ல. நியூயார்க் நகரத்தில் 1911 மார்ச் 25-ஆம் தேதி டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனியில் தீப்பிடித்தது. கம்பெனி பத்து மாடிக் கட்டடத்தின் 8, 9, 10-ஆம் மாடிகளில் இருந்தது. தையல் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். வேறு தேசங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாடிப்படியருகே ஹோஸ் இருந்தது. ஓடிப்போய் எடுத்தார்கள். ஹோஸ் இற்றுப்போயிருந்தது, வால்வு துருவேறி இறுகியிருந்தது, தண்ணீர் வரவில்லை. வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. தீயணைப்புப் படையின் ஏணி 6-ஆம் மாடி வரைதான் எட்டியது. 146 பேர் மாண்டார்கள். பலர் ஜன்னல் வழியே குதித்து மாண்டார்கள். முதலாளிகள் இருவரையும் அந்த வருஷ டிசம்பரிலேயே கோர்ட்டு விடுதலை செய்துவிட்டது. (இந்தத் தீயிலிருந்துதான் சர்வதேச மாதர் தினம் பிறந்தது என்று மேடைகளில் சிலர் பேசுவதைக் கேட்கிறோம். அது சரியல்ல. கிளாரா ஜெட்கின் முன்மொழிந்த தீர்மானம் கோபன்ஹேகனில் 1910-லேயே நிறைவேறிவிட்டது.)

அது நூறு வருஷத்துக்கு முந்திய கதை, இப்போது விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்பார்கள். 1991 பிப்ரவரி 23-ஆம் தேதி, அதே அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்தின் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடத்தில் 22-ஆம் மாடியில் தீப்பிடித்தது. குழாய் இருந்தது, வால்வுகளும் இருந்தன. அந்த வால்வுகளில் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி பொருத்தியிருந்தார்கள். கீழ்மாடிகளில் அழுத்தம் மிகுந்து ஹோஸ் ஆளைத் தூக்கி அடிக்காமலிருக்க அது தேவைதான். ஆனால் அதைத் தவறான அளவில் திருகிவைத்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் ஹோஸை மாட்டியபோது தண்ணீர் தளர்ந்து விழுந்தது. தீ 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. புகையில் வழி தவறி மூன்று வீரர்கள் மாண்டார்கள். கடைசியில் 30-ஆம் மாடியில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் பத்துத் தெளிப்பான்கள்தான் தீயை நிறுத்தின. ஓடவிட்டுப் பரீட்சித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கக்கூடிய குறை அது!

தீயணைப்பு வண்டி வந்துவிடுமே, நமக்கேன் கவலை என்று இனியும் யாரும் சொல்ல வேண்டாம். வண்டி வரும். ஆனால் ஏணி எட்டாத மாடிக்கு வீரர் ஹோஸைத் தோளில் சுமந்து படியேறிப் போய் இந்தச் சிவப்புக் குழாயில்தான் மாட்ட வேண்டும். அவரும் தொழிலாளி, அவருக்கும் குடும்பம் உண்டு.

நம் மாவட்டத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்குச் சிப்காட் நிறுவனம் கட்டிய விடுதிகளை 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி முதல் மந்திரி திறந்துவைத்தார். பல தொகுதிகளாக நிற்கும் உயரமான மாடிக் கட்டடங்கள். ஒண்டுக் குடித்தனத்தில் ஒரே அறையில் பத்துப் பெண்களை அடைத்துவைக்கும் கொடுமையைவிட இது எவ்வளவோ மேல், வரவேற்க வேண்டியதே. அங்கே குழாய் பழுது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நம்மிடம் ஆதாரமும் இல்லை. நாம் கேட்பது வேறு. ராத்திரி ஷிப்டு முடிந்து உச்சிமாடியில் அயர்ந்து தூங்கும் பெண்ணுக்கு, தன் தலைமாட்டுக்கு அப்பால் நிற்கும் வால்வில் கடைசியாக எந்தத் தேதியில் தண்ணீர் ஓடியது, எத்தனை கிலோ அழுத்தம் இருந்தது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? சர்க்கார் கட்டிய விடுதிக்கே இந்தக் கேள்வி என்றால், தனியார் வாடகைக்கு எடுத்து நடத்தும் விடுதிகளை என்னவென்று சொல்வது?

சர்டிபிகேட் இருக்கிறது என்று பதில் வரும். சர்டிபிகேட்டின் யோக்கியதையை உலகம் கராச்சியில் பார்த்தது. அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் 2012 செப்டம்பர் 11-ஆம் தேதி 250-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி. வெளியேறும் வழிகள் அடைப்பு. சில வாரங்களுக்கு முன்னால்தான் அந்தத் தொழிற்சாலைக்கு, தொழிலாளரை நல்லபடி நடத்துகிறது என்று எஸ்.ஏ.8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் வழங்கியிருந்தார்கள்! தீ வைக்கப்பட்டது என்று கூறி 2020-ல் அங்குள்ள கோர்ட்டு இருவருக்கு மரண தண்டனை விதித்தது. தீயை எவன் வைத்திருந்தாலும் சரி, கதவை அடைத்தவன் அவனல்ல. சான்றிதழ் கொடுத்தவனும் அவனல்ல.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்லிற்று? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, தீ பரவாமல் தடுக்கவும், தொழிலாளர் தப்பிச் செல்லவும், தீயை அணைக்கவும் வேண்டிய ஏற்பாடுகளைத் தொழிற்சாலையில் வைத்தாக வேண்டும் என்றது. அந்தச் சட்டமும் பூரணமாக அமலாகியதில்லை. ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருந்தது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களையும் அமலுக்குக் கொண்டுவந்து, தொழிற்சாலைச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. மின்சக்தி உபயோகிக்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது. இப்போது இருபது பேர் வேண்டும். மின்சக்தி இல்லாத இடத்தில் இருபது நாற்பதாயிற்று. பத்தொன்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் நெருப்பு சுடாதா? இன்ஸ்பெக்டருக்கோ புதுப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்: அவர் இனி வெறும் ஆய்வாளர் அல்லவாம், முதலாளிக்கு ‘வசதி செய்து கொடுப்பவரும்’ ஆவாராம்! தொழிலாளர் பிரதிநிதிகள் அடங்கிய பாதுகாப்புக் கமிட்டி பற்றிப் புதிய சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. சர்க்கார் உத்தரவிட்டால் அமைக்க வேண்டும் என்று அதை எழுதியிருக்கிறார்கள்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. மந்திரிகள் மேடைக்கு மேடை அதைப் பற்றிப் பேசிப் பெருமைப்படுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று ஒரு குழு. எந்த வாரியமானாலும் அதில் இருந்து கணக்குக் காட்டாதவனின் பெயரும், அவனுடைய உறவினர் பெயரும் மறுபடி குடத்தில் விழக்கூடாது என்று அந்தக் கல்வெட்டு விதிக்கிறது. அது நிலம் படைத்தவர்களின் சபைதான். கரையில் மண் சுமந்தவனுக்கு அங்கே ஓலை கிடையாது என்பதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் தண்ணீரைக் காப்பவன் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அறிவு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே இந்தத் தாலுகாவில் இருந்தது. நாம் அந்தக் கணக்கைக் கேட்கிறோம். மண் சுமந்தவனிடம் காட்டு என்று கேட்கிறோம்.

இது நடக்காத காரியமா? பங்களாதேஷில் நடந்திருக்கிறது. 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்ட பிறகு, தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு ஆடைக் கம்பெனிகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அதன்படி தீ, மின்சாரம், கட்டடம் மூன்றையும் பரீட்சித்து, தொழிற்சாலை வாரியாக என்ன குறை, எப்போது சரிசெய்ய வேண்டும் என்ற அறிக்கைகளைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். ஆபத்தான கட்டடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் தொழிலாளிக்குக் கிடைத்தது. அந்த ஒப்பந்தம் முதலாளிகளின் மனம் இளகி வந்ததல்ல. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிணங்களைத் தூக்கிய பிறகு, உலகெங்கும் எழுந்த கூக்குரலின் முன்னால் வந்தது. நாமும் அத்தனை பிணங்களுக்குக் காத்திருக்க வேண்டுமா? கும்பகோணத்தில் 2004-ல் 94 குழந்தைகள் கருகியது போதாதா?

இதில் நம் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நமது சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். கூலி, போனஸ், காண்டீன் சாப்பாடு, பஸ் வசதி, நிரந்தரம். எல்லாம் நியாயமான கோரிக்கைகள். தீயணைப்புக் குழாயின் அழுத்தத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா? நமக்கும் அது நிர்வாகத்தின் வேலையாகவே தோன்றிவிட்டது. சங்கமே அமைக்க விடாத இடத்தில் குழாயைப் பற்றி எங்கே பேசுவது என்று தோழர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகும் சங்கம் பதிவாக 2025 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் காண்டிராக்ட் தொழிலாளியும், அப்ரண்டிஸ் பெண்ணும், விடுதிச் சமையல்காரரும், சூப்பர்வைசரும்கூட ஒரே குரலில் கேட்கக்கூடிய கோரிக்கை இது. தீ எவனுடைய அட்டையையும் பார்த்து எரிப்பதில்லை. இதைக் கேட்கிறவனை எந்த நிர்வாகமும் கலகக்காரன் என்று எளிதில் முத்திரை குத்த முடியாது.

மாநில சர்க்காரை நாம் வற்புறுத்துவது இதுதான்: மாடிக் கட்டடமாக உள்ள ஒவ்வொரு தொழிற்சாலையிலும் தொழிலாளர் விடுதியிலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது, தண்ணீரை ஓடவிட்டு, காண்டிராக்ட் தொழிலாளர் உள்படத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் முன்னிலையில் பரீட்சை நடக்க வேண்டும். தேதி, உச்சிமாடி அழுத்தம், பரீட்சித்தவரின் பெயர், கண்ட குறை ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாசலில் தொங்கவிட வேண்டும். வடநாட்டுத் தொழிலாளர் உள்ள இடங்களில் ஹிந்தியிலும் எழுத வேண்டும். இதற்கு மத்திய சர்க்காரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தீயணைப்புத் துறை மாநில சர்க்காரின் கையில்தான் இருக்கிறது. அந்தத் துறைக்குப் போதிய ஆட்களை நியமிக்கவும் வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிற சோதனையினால் பெயிண்டு வியாபாரிக்குத்தான் லாபம்.

1944 ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாக வருஷந்தோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கொண்டாடப்படுகிறது. அந்த வாரத்தில் கம்பெனிகளில் ஒத்திகை நடத்துவார்கள். எல்லோரையும் வாசலில் வரிசையாக நிறுத்திப் போட்டோ பிடிப்பார்கள். வருகிற ஏப்ரலில் அந்த வரிசையில் நிற்கும் நம் தோழர்கள் ஒன்று செய்ய வேண்டும். உச்சிமாடிக் கடைசி வால்வைத் திறந்து காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். திறந்தால், ஓடும்போது முள் எங்கே நின்றது என்பதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். திறக்க மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் போட வேண்டியதில்லை. கட்டடத்தின் பெயரும் மாடியின் எண்ணும் போதும். குறிப்பை நமது காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வந்து சேருகிறவற்றைத் தொகுத்து மே மாதத்தில் மாவட்டத் தீயணைப்பு அதிகாரியிடம் நேரில் கொடுப்போம்.